புதிதாய்ச் செய்த மர இழைப்புளி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

கட்டையை அறுத்து, ஒட்டி, ஆப்பைச் செதுக்கி, தகட்டைச் செருகி முதல் தள்ளு தள்ளியதுமே மெல்லிய சீவல் சுருண்டு வரும் என்று எதிர்பார்ப்போம். பெரும்பாலும் வருவது தூளும் தடதடப்பும்தான். உடனே பலர் அரத்தை எடுத்து வாயை அகலப்படுத்தத் தொடங்குகிறார்கள். நிறுத்துங்கள். வாயில் ராவிய மரம் திரும்ப வராது. தகட்டைத் தீட்டலாம், ஆப்பைப் புதிதாகச் செய்யலாம், மேல்தகட்டை நகர்த்திப் பார்க்கலாம். இவையெல்லாம் தவறினாலும் நஷ்டமில்லை. ஆகவே எந்தக் கோளாறானாலும் மரத்தைத் தொடாமல் பார்க்கக்கூடியவற்றை முதலில் பாருங்கள், உடலில் கைவைப்பதைக் கடைசிக்கு வையுங்கள். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் காரணங்களை அந்த வரிசையில்தான் சொல்லியிருக்கிறேன்.

இங்கே பேசுவது 23 முதல் 25 செ.மீ நீளமுள்ள, மேற்பரப்பை மழமழப்பாக்கும் இழைப்புளியைப் பற்றி. நடுக்கட்டையை 45 டிகிரியில் அறுத்து முன், பின் என இரண்டாகப் பிரித்து, இருபுறமும் பக்கப் பலகை ஒட்டி, குறுக்கே ஒரு தண்டு வைத்து, அந்தத் தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஆப்பு இறக்கும் வகை. கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் ஊரில் 1981 முதல் மரவேலை கற்பித்த ஜேம்ஸ் கிரெனோவ் இந்த வகையைப் பரவலாக்கியவர். முழுக்கட்டையில் உளியால் குடைந்து எடுக்கும் நம் தச்சர்களின் பழைய வகையைவிட வீட்டில் செய்ய இது எளிது. உள்ளே உளி நுழையாத மூலை என்று ஒன்றும் இல்லை. இங்கே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை குடைந்த வகைக்கும் பொருந்தும்.

சில பெயர்களை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தகடு சாய்ந்து படுக்கும் மரச்சரிவு படுகை. பலகையில் உரசும் பரப்பு அடி. அடியில் தகடு எட்டிப் பார்க்கும் பிளவு வாய். தகட்டின் மேல் திருகால் இறுக்கும் இரண்டாவது தகடு மேல்தகடு.

சோதனைக்கு முன் ஒரு விதி: எதைச் சோதித்தாலும் ஆப்பை வேலை செய்யும் இறுக்கத்தில் அடித்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஆப்பு இறுகும்போது குறுக்குத் தண்டு மேலே இழுக்கப்படுகிறது, படுகை கீழே அழுத்தப்படுகிறது, உடல் லேசாக வளைகிறது. ஆப்பு இல்லாதபோது சமமாக இருந்த அடி, இறுகியதும் சமமாக இருக்காது. சோதனை மரமாக நேர்நார் ஓடும் பைன் துண்டு போதும்; பேக்கிங் பெட்டியை உடைத்தால் கிடைக்கும். முடிச்சுள்ள மரத்தில் சோதித்தால் குற்றம் மரத்தினுடையதா இழைப்புளியினுடையதா என்று தெரியாது.

வழுக்கிக்கொண்டு போகிறது, சீவல் வரவில்லை, வந்தாலும் தூள்தான்

தகடு மழுங்கியிருக்கிறது. பத்தில் எட்டு முறை கதை இத்தோடு முடிந்துவிடும். கடையிலிருந்து வாங்கிய புதுத் தகடு சாணை பிடித்த நிலையில் வருகிறது, கூராக அல்ல. சாய்வுப் பக்கத்தை மட்டும் தீட்டிவிட்டு, தட்டைப் பக்கத்தை அப்படியே விடுவது வழக்கமான குறை. கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு; ஒன்று சொரசொரப்பாக இருந்தால் கோடும் அப்படியே இருக்கும். தட்டைப் பக்கத்தின் முன்விளிம்பில் 5 மி.மீ அகலமாவது பளபளக்க வேண்டும். தீட்டுக்கல் இல்லாவிட்டால் தடித்த கண்ணாடியின் மேல் நீர்த்தாள் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டி 400, 1000, 2000 எண் என ஏறிப் போகலாம். தீட்டி முடித்தபின் பிசிரை இருபுறமும் எடுத்துவிடுங்கள்.

கூர் நன்றாக இருந்தும் வழுக்கினால் சாய்வுக் கோணத்தை அளந்து பாருங்கள். படுகை 45 டிகிரி, தகட்டின் சாய்வு 30 டிகிரி என்றால் கூருக்குப் பின்னால் 15 டிகிரி இடைவெளி கிடைக்கும். தீட்டும்போது கை தூக்கித் தூக்கிச் சாய்வு 40ஐத் தாண்டிவிட்டால் கூர் மரத்தைத் தொடும் முன் சாய்வின் முதுகு தொட்டுவிடும். எவ்வளவு தகட்டை இறக்கினாலும் பயனில்லை. 25க்குச் சாணை பிடித்து, 30ல் தீட்டுங்கள்.

தேக்கு இழைப்பவர்களுக்கு ஒரு சேதி. தேக்கு மரத்தில் சிலிகா உண்டு. காலையில் தீட்டிய தகடு மத்தியானம் மழுங்கினால் உருக்கைத் திட்ட வேண்டாம்.

தடதடவென்று அதிர்கிறது, பலகையில் படிக்கட்டு போலக் குறுக்குக் கோடுகள் விழுகின்றன

இந்தக் கோளாறுக்குத்தான் தகட்டின்மேல் வீண்பழி விழுகிறது. தகடு மெலிதாக இருந்தால் அதிரும் என்பது உண்மைதான். ஆனால் மெல்லிய தகடும் சரியாகப் படுத்திருந்தால் அதிராது; தடித்த தகடும் தொங்கிக்கொண்டிருந்தால் அதிரும். கூருக்கு நேர் பின்னால், வாயை ஒட்டிய படுகையின் கடைசி சென்டிமீட்டரில் தகடு அழுந்தி உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் தகட்டை மேலேற்றி மிக மெல்லிய சீவல் எடுத்துப் பாருங்கள். அதிர்வு நின்றால், ஒரேயடியாக ஆழமாகச் சீவ முயன்றதே காரணம். நிற்காவிட்டால் ஆப்பை அடித்த நிலையில் இழைப்புளியைத் தலைகீழாகப் பிடித்து, கடை ரசீதுத் தாளில் ஒரு கீற்று வெட்டி, அடியின் வழியாகத் தகட்டுக்கும் படுகைக்கும் நடுவே நுழைக்கப் பாருங்கள். நுழையவே கூடாது. நுழைந்தால் அங்கே தகடு காற்றில் நிற்கிறது.

அடுத்து, அது ஆப்பின் குறையா படுகையின் குறையா என்று பிரித்தறிய வேண்டும். ஆப்பைக் கையால் மட்டும் அழுத்தி வைத்து, அதன் மேல்முனையைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மேல்முனை அசையாமல் கீழ்நுனி ஆடுகிறது என்றால் ஆப்பு மேலே மட்டும் இறுகுகிறது. தகட்டின் கீழ்ப்பகுதி கட்டற்றுக் கிடக்கிறது. ஆப்பின் மேல்பாதியில் சாக்பீஸ் தடவிச் செருகி எடுத்து, அழிந்த இடத்தை ஒரு சீவு சீவுங்கள். கீழ்நுனி முதலில் இறுகும் வரை இதைச் செய்யலாம். ஆப்பு கெட்டுப்போனாலும் ஒரு துண்டு மரம்தான் நஷ்டம்.

ஆப்பு சரியாக இருந்தும் தாள் நுழைகிறதா? படுகையின் நடுவில் மேடு இருக்கிறது. ரம்பம் அறுத்த முகத்தை ஒட்டும் முன் சமப்படுத்தாமல் விட்டால் இது நிச்சயம். மேடு எங்கே என்று காண கண்மைபோல மலிவான சாதனம் கிடையாது. தகட்டின் முதுகில், அதாவது படுகையில் படும் பக்கத்தில், விரல் நுனியால் மிக மெலிதாகத் தேய்த்து, செருகி, ஆப்பை அடித்து, கழற்றுங்கள். படுகையில் கறுத்த இடங்கள்தான் மேடு. அகலமான உளியைப் படுகையில் படுக்கவைத்துச் சுரண்டி எடுங்கள், மறுபடி தடவுங்கள். படுகை முழுக்கக் கறுக்க வேண்டும் என்பதில்லை. வாயை ஒட்டி முழு அகலமும், மேலே குறுக்குத் தண்டுக்கு எதிரேயும் கறுத்தால் போதும். நடுவில் சற்றுக் குழிந்திருப்பது நல்லதே. மேடுதான் ஆகாது. வேலை முடிந்ததும் மையைத் துடைத்துவிடுங்கள், எண்ணெய்ப் பசை மிஞ்சினால் தகடு வழுக்கும்.

சுரண்டுவதற்கு முன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு குறுக்குவழி: வாயை ஒட்டிப் படுகையில் ஒரு தாள் கீற்றை வைத்து அதன்மேல் தகட்டை இறுக்கிச் சீவிப் பாருங்கள். அதிர்வு நின்றால் நோய் இதுதான் என்று உறுதி. தாளையே நிரந்தர மருந்தாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈரப்பதத்தில் தாள் உப்பும்.

தடித்த தகடு வேண்டும் என்பவர்கள் வேன், ஜீப் போன்ற வண்டிகளின் பழைய ஸ்பிரிங் பட்டையில் செய்துகொள்ளலாம். காந்தம் ஒட்டாத சூட்டையும் சற்றுத் தாண்டிச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, பிறகு 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்துப் பதப்படுத்தினால் நல்ல கூர் நிற்கும். ஆனால் 45 டிகிரியில் படுத்திருக்கும் 3 மி.மீ தகடு அடியில் 4.2 மி.மீ இடத்தை அடைக்கும், 6 மி.மீ தகடு 8.5 மி.மீ அடைக்கும். வாயை அறுக்கும் முன்பே தகடு கையில் இருக்க வேண்டும்.

சீவல் வாயில் அடைத்துக்கொள்கிறது

அடைத்ததும் குச்சியால் குத்தி எடுத்துவிட்டுத் தொடர்ந்து தள்ளுவது மனித இயல்பு. அப்படிச் செய்தால் தடயம் அழிந்துவிடும். ஆப்பை மெதுவாகத் தளர்த்தி, தகட்டையும் மேல்தகட்டையும் சேர்த்து அப்படியே வெளியே எடுத்து, முதல் சீவல் எங்கே சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று இடங்கள்தான் உண்டு.

தகட்டுக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே சிக்கியிருந்தால், மேல்தகட்டின் முன்விளிம்பு சரியாக ஒட்டவில்லை. இரண்டையும் திருகி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கோடாக ஒளி தெரியும். மேல்தகட்டின் அடிப்பக்க விளிம்பைக் கல்லில் வைத்து, பின்பகுதி கல்லின் பரப்பைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி பிடித்துத் தேயுங்கள். முன்விளிம்பு மட்டும் தகட்டைத் தொடும்படி ஆகும்.

வாயின் முன்விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே சிக்கினால், உடனே வாய் சிறியது என்று முடிவு கட்டாதீர்கள். வாய்க்கு மேலே முன்கட்டையின் முகம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். உள்ளே நுழைந்த சீவலுக்கு மேலே போகப் போக இடம் விரிய வேண்டும். முகம் தகட்டின் பக்கமாகச் சாய்ந்திருந்தால் இடம் குறுகும், சீவல் கசங்கி நிற்கும். மேலிருந்து அரத்தை விட்டு முகத்தை முன்பக்கமாகச் சரித்துவிடுங்கள். அடியில் தெரியும் விளிம்பை மட்டும் அரம் தொடக் கூடாது. இதைச் செய்தும் அடைத்தால்தான் வாயை அகலப்படுத்த வேண்டும், அதுவும் இரண்டு மூன்று ராவலுக்கு ஒருமுறை தகட்டைச் செருகிச் சோதித்தபடி.

இந்த இரண்டாவது இடத்தில் இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கலாம். மேல்தகட்டையும் கூருக்கு மிக அருகே வைத்து, வாயையும் மிகச் சிறிதாக வைத்தால் சீவலுக்குத் திரும்ப வழியில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதை என்பதைச் சிலும்பல் (நார் பெயர்ந்து வருவது) பற்றிச் சொல்லும்போது பார்க்கலாம்.

குறுக்குத் தண்டின் கீழோ ஆப்பின் நுனியிலோ சிக்கினால் சிக்கல் சிறியது. ஆப்பின் நுனி மேல்தகட்டின் வளைவுக்குச் சற்று மேலேயே நிற்க வேண்டும். அதைத் தாண்டி இறங்கியிருந்தால் வெட்டுங்கள், நுனியை மெலிதாக்கிச் சரியுங்கள். தண்டின் முன்பக்கத்தை உருட்டிவிடுங்கள். தண்டைத் தாழ்வாக வைத்து ஒட்டியாகிவிட்டது என்றால் அதை மெலிதாக்குவது ஒன்றே வழி. வேங்கையோ கருவேலமோ போன்ற உறுதியான மரத்தில் செய்த தண்டானால் தாங்கும்.

நான்கு தள்ளு தள்ளியதும் தகடு மேலேறிவிடுகிறது

ஆப்பின் கோணம் பெரிது, அல்லது பரப்பு வழுவழுப்பு. 10 டிகிரி ஆப்பு நன்றாகப் பிடிக்கும்: 60 மி.மீ நீளத்துக்குச் சுமார் 10 மி.மீ உயர்ந்தால் அந்தக் கோணம். 15ஐத் தாண்டினால் அடிக்க அடிக்கத் துள்ளி வெளியே வரும். கோணம் சரியென்றால், ஆப்பிலும் படுகையிலும் வார்னிஷோ எண்ணெயோ தடவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். உடலுக்கு வெளியே லின்சீட் ஆயில் தாராளமாகத் தடவலாம். படுகைக்கும் ஆப்புக்கும் ஒரு சொட்டுக்கூட ஆகாது. தடவியாகிவிட்டது என்றால் உப்புத்தாளால் தேய்த்து, சாக்பீஸ் பூசுங்கள்.

சுத்தியலால் ஓங்கி அடிப்பது தீர்வல்ல. பக்கப் பலகையின் ஒட்டு விட்டுப்போகும். இழைப்புளியின் பின்பக்கத்தில் கொட்டாப்புளியால் தட்டினால் தகடு மேலேறும், தகட்டின் தலையில் தட்டினால் இறங்கும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் ஆப்புக்கு ஒரு சின்னத் தட்டு. இந்த மூன்று தட்டும் கைக்குப் பழகும் வரை ஆப்பு சரியில்லை என்றே தோன்றும்.

மரம் சிலும்புகிறது, நார் பெயர்ந்து குழி விழுகிறது

பலகையைத் திருப்பிப் போட்டு எதிர்த்திசையில் சீவிப் பாருங்கள். பலகையின் பக்கவிளிம்பைப் பார்த்தால் நார் எந்தப் பக்கம் மேலேறுகிறது என்று தெரியும். மீன் செதிலைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவுவதுபோல நார் படுக்கும் திசையில் சீவ வேண்டும். இரு திசையிலும் சிலும்பினால் தகட்டை மறுபடி தீட்டுங்கள். அதற்கும் அடங்காதது வேங்கை, வேம்பு போன்ற பின்னிய நார் மரங்கள். ஒரு விரல்கடை அகலத்துக்குள் நாரின் திசை மாறிவிடும், எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதி எதிர்நார்தான்.

இங்கேதான் மேல்தகடு சோறு போடும். ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தில் காதோ, கவாய் என்ற இருவர் செய்த சோதனைகள் இதைப் படமாகவே காட்டின: மேல்தகட்டின் முன்விளிம்பைச் செங்குத்துக்கு நெருக்கமாகச் சாய்த்து, கூரிலிருந்து 0.1 மி.மீ அளவில் வைத்தால், சீவல் எழும்பிய கணமே முன்னால் மடக்கப்படுகிறது. நார் முன்கூட்டிப் பிளக்க இடம் கிடைப்பதில்லை. நம் கைவேலைக்கு 0.2 மி.மீ என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது கூரை ஒட்டி ஒரு நூலிழை பளபளப்பு மட்டும் தெரிய வேண்டும். விளிம்பை 50 டிகிரிக்கு மேல் செங்குத்தாகத் தீட்டிக்கொள்ளுங்கள். சரியாக அமைந்தால் சீவல் சுருளாமல் நேராக நிமிர்ந்து வரும். அதுதான் அடையாளம்.

மேல்தகட்டை இப்படி வைத்தால் வாய் அரை மி.மீட்டருக்கு மேல் திறந்திருக்கலாம், இருக்கவும் வேண்டும். மேல்தகடு இல்லாமல் ஒற்றைத் தகட்டில் செய்திருந்தால்தான் வாயை மிகச் சிறிதாக வைக்க வேண்டிய கட்டாயம். என் ஓட்டு முதல் வழிக்கே: மேல்தகட்டைத் திருகு தளர்த்தி நகர்த்தலாம், வாயை நகர்த்த முடியாது. வேங்கையே உங்கள் அன்றாட மரம் என்றால் அடுத்த இழைப்புளியின் படுகையை 50 அல்லது 55 டிகிரியில் அறுங்கள். தள்ளக் கூடுதல் பலம் வேண்டும், ஆனால் சிலும்பல் வெகுவாகக் குறையும்.

ஒரு பக்கம் தடிப்பாகச் சீவுகிறது. இரு ஓரத்திலும் கோடு விழுகிறது

அடியை ஒரு கண்ணால் முன்பக்கமிருந்து நோக்குங்கள். தகடு ஒரு பக்கம் அதிகம் நீண்டிருந்தால் தகட்டின் தலையைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் நேராகும். ஒவ்வொரு முறை ஆப்பு அடிக்கும்போதும் அதே பக்கம் சாய்ந்தால், குறுக்குத் தண்டும் ஆப்பும் முழு அகலத்துக்கும் தொடவில்லை; சாக்பீஸ் சோதனை செய்து தொடும் பக்கத்தை இழையுங்கள். ஓரக்கோடு தகட்டின் இரு மூலைகளால் வருவது. தீட்டும்போது மூலைகளில் விரலை மாற்றி மாற்றி அழுத்தி, ஒரு முடி அளவு உருட்டிவிட்டால் மறைந்துவிடும்.

பலகையின் முனைகளில் மட்டும் சீவுகிறது, நடுவில் தொடவே இல்லை

அடி குழிந்திருக்கிறது. தகட்டைக் கூர் வெளியே தெரியாதபடி 1 மி.மீ மேலேற்றி, ஆப்பை வழக்கமான இறுக்கத்தில் அடித்து, தடித்த கண்ணாடிமேல் ஒட்டிய 120 உப்புத்தாளில் தேயுங்கள். அடியில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டுக்கொண்டால் எது தேய்கிறது என்று தெரியும். முன்முனை, வாய்க்கு நேர் முன்னுள்ள கீற்று, பின்முனை ஆகிய மூன்று இடங்களில் கோடு அழிந்ததும் நிறுத்திவிடுங்கள். முழு அடியும் ஒரே நிறமாகும் வரை தேய்க்கும் ஆசை வரும். அதற்கு விலை உண்டு: படுகை 45 டிகிரியில் பின்னாலும், முன்கட்டையின் முகம் 60 டிகிரியில் முன்னாலும் சரிவதால், அடியில் 1 மி.மீ போனால் வாய் சுமார் 1.6 மி.மீ அகலும்.

அடி சமமாக இருந்தும் தள்ளக் கனமாக இருந்தால் மெழுகுவர்த்தியால் ஒரு கோடு இழுத்தால் போதும்.

வாய் ஏற்கெனவே அகன்றுவிட்டது

மேல்தகடு உள்ள இழைப்புளியில் 1 மி.மீ வாய் பெரிய குறையல்ல, விட்டுவிடுங்கள். அதற்கு மேலென்றால் வாய்க்கு முன்னால் அடியில் 5 மி.மீ ஆழத்துக்குச் செவ்வகமாகக் குழி எடுத்து, கடினமான மரத்துண்டை ஒட்டுங்கள். புளியமரத்தின் வைரம் இதற்கு அருமை. துண்டின் நார் அடியின் நாரோடு ஒரே திசையில் ஓட வேண்டும். துண்டைச் சற்று நீளமாக விட்டு ஒட்டி, காய்ந்தபின் தகட்டை வைத்துப் பார்த்து ராவிக் கொண்டுவாருங்கள். தேக்கில் ஒட்டுவதானால் அதன் எண்ணெய்ப்பசையைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்த உடனே பசை தடவ வேண்டும்.

பருவம் மாறியதும் தகடு நகர மறுக்கிறது, அல்லது பக்கம் வெடிக்கிறது

ஐப்பசி மழையில் செய்த இழைப்புளி சித்திரை வெயிலில் அகலவாக்கில் சுருங்கும். மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. குறுக்கேதான், அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், வளையங்களுக்குக் குறுக்கே உள்ளதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். உருக்கு சுருங்காது. தகட்டுக்கு இருபுறமும் 1 முதல் 1.5 மி.மீ இடைவெளி விடாமல் செய்திருந்தால், சுருங்கும் உடல் தகட்டைக் கவ்வும். ஆப்பு இறுக்கமும் சேர்ந்தால் பக்கம் விரியும். கவ்வும் நிலையிலேயே கவனித்தால் தகட்டின் ஓரத்தைச் சாணையில் கொடுத்து அகலத்தைக் குறைப்பது எளிது. பக்கச் சுவரை உள்ளே செதுக்குவதைவிட அதுவே மேல்.

பழைய மரம் கிடைத்தால் இந்தத் தொல்லை குறைவு. காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளின் பர்மா தேக்கு உத்திரமும் நிலையும் விற்பனைக்கு வரும். பல ஆண்டுகள் உலர்ந்த மரம், ஆடி அடங்கியது. ஆணி மட்டும் உள்ளே இருக்கும், ரம்பம் வைக்கும் முன் காந்தம் வைத்துப் பாருங்கள்.

ஒட்டு விட்ட பக்கப் பலகையைப் பழைய பசையைச் சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டலாம். வாயின் மூலையிலிருந்து வெடிப்பு ஓடியிருந்தால் ஒட்டுப்போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், ஆப்பு அடிக்கும்தோறும் அது நீளும். தகடு, மேல்தகடு, குறுக்குத் தண்டு மூன்றையும் கழற்றி வைத்துக்கொண்டு உடலை மட்டும் புதிதாகச் செய்யுங்கள். பசை காயும் இரவைக் கழித்தால் அது ஒருநாள் வேலை.